மூட்டைக்கு எடை இருந்தது

கண்ணாடிக்காரர் 'இரும்புக்காடு இரண்டு' என்ற வீடியோ விளையாட்டை முழுசாக ஆடி முடித்தார். அறுபத்திரண்டு மணி நேரம் ஆனது. முடித்த பிறகு அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. பிடித்ததா என்று தன்னையே கேட்டுப் பார்த்தார். பிடிக்கவில்லையா என்றும் கேட்டுப் பார்த்தார். இரண்டுக்கும் உள்ளேயிருந்து பதில் வரவில்லை. டிவியை அணைத்துவிட்டுக் கொடியில் காய்ந்த துணியை எடுத்து மடிக்கப் போய்விட்டார்.

இப்படி ஒன்றும் தோன்றாமல் இருப்பது அந்தச் சமயத்தில் எவ்வளவு பெரிய சிக்கல் என்று அவருக்குத் தெரியாது.

அவர் ஒரு கண்ணாடிக்கடையில் கண் பரிசோதிக்கிறவர். பதினாறு வருஷமாக அதே இருட்டறை, அதே எழுத்துப் பலகை. வருகிறவர்களின் மூக்கில் சோதனைச் சட்டத்தை மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிச் செருகி, "இது தெளிவா இருக்கா, இது தெளிவா இருக்கா?" என்று ஒரு நாளைக்கு இருநூறு தடவை கேட்பார். குடியிருந்தது அக்காவின் வீட்டில். அக்காவுக்குச் சட்டை தைக்கும் தொழிற்சாலையில் அளவு பார்க்கிற வேலை. மச்சான், அதாவது அக்காவின் கணவர், நாலு வருஷத்துக்கு முன்னால் இறந்துபோனார்.

மச்சானுக்குச் சிறுநீரகம் கெட்டு, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்த காலத்தில்தான் முதல் 'இரும்புக்காடு' வந்தது. மீதி நாட்களில் அவர் சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் கண்ணாடிக்காரர் அதை வாங்கிவந்து டிவியில் மாட்டினார். இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம். ஆளுக்கு ஒரு வீரனை உருவாக்கிப் பேர் வைத்து, காடும் மலையும் சுற்றிப் பூதங்களை வெட்ட வேண்டும். மச்சான் அப்போது ஆபீசுக்கு நீண்ட லீவு போட்டிருந்தார். அதனால் தன் வீரனுக்கு 'லீவு' என்று பேர் வைத்தார். கண்ணாடிக்காரர் பேர் யோசிப்பதற்குள் இயந்திரமே 'வீரன் ஒன்று' என்று எழுதிக்கொண்டது. அதுவே நிலைத்துவிட்டது. இரண்டு பேரும் மூன்று வருஷம் ஆடினார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் பாதி மலை ஏறியிருக்கும்போது மச்சான் கொஞ்சம் படுக்கிறேன் என்று போனார். அந்த மலை அப்படியே நின்றுவிட்டது.

இரண்டாம் பாகம் வந்ததும் ஊர் இரண்டாகப் பிரிந்தது. காரணம், மூட்டை. முதல் பாகத்தில் வீரன் நாற்பது கிலோவுக்கு மேல் சுமந்தால் ஓட முடியாது, நடக்கத்தான் முடியும். இரண்டாம் பாகத்தில் மூட்டைக்கு எடையே கிடையாது. எவ்வளவு வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு ஓடலாம். எடை வேண்டும் என்றவர்கள் எடைக் கட்சி ஆனார்கள். வேண்டாம் என்றவர்கள் எடையில்லாக் கட்சி. கண்ணாடிக்கடைக்குப் பக்கத்து முடிவெட்டும் கடையில் பாதித் தலையோடு எழுந்து போனவர்கள் இரண்டு பேர். வெட்டுகிறவர் எந்தக் கட்சி என்று நடுவில் தெரிந்ததுதான் காரணம். நிச்சயமான ஒரு கல்யாணம் நின்றது. பெண்ணின் அப்பா மாப்பிள்ளையிடம், "நீங்க எவ்ளோ கிலோ?" என்று கேட்டதாகவும், மாப்பிள்ளை தன் உடம்பு எடையைச் சொன்னதாகவும் பேசிக்கொண்டார்கள்.

கண்ணாடிக்காரர் இதிலெல்லாம் தலையிடவில்லை. ஆனால் ஒரு நாள் திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. முதல் பாகத்தில் சேமித்த வீரர்கள் அனைவரும் மாதக் கடைசியில் அழிக்கப்படுவார்கள். அவர்களை இரண்டாம் பாகத்துக்கு அழைத்துவர விரும்புவோர் முதலில் தங்கள் நிலைப்பாட்டைத் தெரிவிக்க வேண்டும். கீழே இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஒன்றில் 'அற்புதம்' என்றும் மற்றதில் 'துரோகம்' என்றும் எழுதியிருந்தது.

அவர் 'அற்புதம்' என்பதை அமுக்கினார். டிவியின் மேலிருந்த கேமரா அவர் முகத்தைப் படம் பிடித்தது. 'உங்கள் முகம் உங்கள் பதிலோடு ஒத்துப்போகவில்லை' என்றது திரை. 'துரோகம்' என்பதை அமுக்கினார். அதற்கும் அதே பதில். மூன்றாவது நாள் வீட்டுக்குக் கடிதம் வந்தது. விளையாட்டுக் கம்பெனியின் ரசிகர் நிலைப்பாட்டு அலுவலகத்துக்கு நேரில் வரவேண்டும்.

"என்னடா கடுதாசி?" என்றாள் அக்கா.

"கேம் கம்பெனியிலேர்ந்து. லீவை அழிக்கப் போறாங்களாம்."

அக்கா கையிலிருந்த அளவுநாடாவைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். சுருட்டி முடித்த பிறகும் கை சுருட்டிக்கொண்டிருந்தது. "போய் என்னன்னு கேட்டுட்டு வா," என்றாள்.

அலுவலகம் ஒரு சோபாக் கடைக்கு மேலே நாலாவது மாடியில் இருந்தது. கூடத்தின் வலப்பக்கம் ஆதரவு கவுண்டர், இடப்பக்கம் எதிர்ப்பு கவுண்டர். வாசலில் இருந்த டோக்கன் இயந்திரத்திலும் இரண்டே பொத்தான்கள். அவர் எதையும் அமுக்காமல் நின்றார். பின்னால் வரிசை சேர்ந்தது. கடைசியில் பதிவு எழுத்தர் எழுந்து வந்தார். நடுத்தர வயதுப் பெண், கழுத்தில் இரண்டு அடையாள அட்டை. காலையில் ஆதரவு, மத்தியானம் எதிர்ப்பு என்று இரண்டு கவுண்டரையும் அவர்தான் பார்த்துக்கொண்டார்.

"என்ன சார், வழியில நிக்கிறீங்க?"

"எனக்கு ரெண்டும் இல்லைங்க."

"ரெண்டும் இல்லாம எப்படி சார்? ஆடினீங்களா இல்லையா?"

"ஆடினேன். அறுபத்திரண்டு மணி நேரம்."

"அப்புறம் என்ன தோணுச்சு?"

"துணி மடிக்கணும்னு தோணுச்சு."

 எழுத்தர் அலமாரியிலிருந்து சாம்பல் நிற அட்டை ஒன்றை எடுத்து, தூசி தட்டி, 'நிலுவை ரசிகர்' என்று எழுதிக் கொடுத்தார். நிலுவை ரசிகர்கள் ஒரு வாரம் ஆதரவுப் பயிற்சியிலும் எதிர்ப்புப் பயிற்சியிலும் மாறி மாறிக் கலந்துகொள்ள வேண்டும். எது ஒட்டுகிறது என்று பார்த்து அந்தப் பக்கம் சேர்த்துவிடுவார்கள். கண்ணாடிக்காரர் கடையில் ஒரு வாரம் லீவு சொன்னார். முதலாளி காரணம் கேட்டார். "கருத்து வரலைங்க," என்றார் இவர். முதலாளி வயிற்றுக் கோளாறு என்று எழுதிக்கொண்டார்.

ஆதரவுப் பயிற்சியாளர் முன்பு பற்பசை விளம்பரத்தில் நடித்தவர். முப்பது பேரை உட்காரவைத்து இரண்டாம் பாகத்தின் முன்னோட்டப் படத்தைப் போட்டுக் காட்டினார். பதினாலாவது வினாடியில் கோட்டைக் கதவு திறக்கும். அப்போது எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு அழ வேண்டும். இருபத்தொன்பது பேர் அழுதார்கள்.

"சார், நீங்க வாயத் திறந்தா பல் டாக்டர்கிட்ட காட்டுற மாதிரி இருக்கு," என்றார் பயிற்சியாளர். "உள்ளேர்ந்து வரணும்."

"உள்ளேர்ந்து வரலைங்க."

"வரலைன்னா வெளியேர்ந்து ஆரம்பிங்க. நாங்கல்லாம் அப்படித்தான்."

எதிர்ப்புப் பயிற்சி பக்கத்து அறையில் நடந்தது. நடுவில் இருந்தது வெறும் பலகைத் தடுப்பு. அங்கேயும் அதே முன்னோட்டப் படம்தான். அதே பதினாலாவது வினாடியில் இங்கே எழுந்து நின்று நாற்காலியைத் தள்ளிவிட வேண்டும். பயிற்சியாளர் கண்ணாடிக்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டு, "உங்க சின்ன வயச அவங்க திருடிட்டாங்க சார். கோவம் வரலையா?" என்றார்.

"முதல் பாகம் வந்தப்போ எனக்கு முப்பத்தஞ்சு வயசு."

"அப்போ நடுத்தர வயசத் திருடிட்டாங்க."

கண்ணாடிக்காரர் அதை யோசித்துப் பார்த்தார். திருடினால் திருடட்டும் என்றுதான் தோன்றியது.

ஆறாம் நாள் எழுத்துத் தேர்வு. அவரவர் நிலைப்பாட்டை முந்நூறு வார்த்தைக்குக் குறையாமல் எழுத வேண்டும். ஆதரவு என்றால் குறைந்தது இருபது தடவை 'கண்ணீர்' வர வேண்டும், எதிர்ப்பு என்றால் இருபது தடவை 'அவமானம்'. கண்ணாடிக்காரர் ஒரு மணி நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு இரண்டு வரி எழுதினார்.

'முன்பு மூட்டைக்கு எடை இருந்தது. இப்போது இல்லை.'

தாளை இரண்டு பயிற்சியாளர்களும் வாங்கிப் பார்த்தார்கள். ஆதரவுக்காரர் மெய்சிலிர்த்தார். சுமை நீங்கிய மனிதகுலத்தின் வரலாறே இந்த இரண்டு வரியில் இருக்கிறது என்றார். எதிர்ப்புக்காரர் தாளை மார்போடு அணைத்துக்கொண்டார். இழந்ததை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை என்றார். அன்று மாலைக்குள் இரண்டு கட்சியும் அந்த வரிகளைத் துணியில் அச்சடித்துவிட்டன. மறுநாள் இரண்டு ஊர்வலமும் ஒரே தெருவில் எதிரெதிராக வந்தன. இரண்டு பக்கமும் ஒரே பதாகை, ஒரே எழுத்து. நடுத்தெருவில் உரசிக்கொண்டபோது சில பதாகைகள் கைமாறிவிட்டன. யாருக்கும் வித்தியாசம் தெரியாததால் அப்படியே கொண்டுபோனார்கள். கண்ணாடிக்காரர் ஓரமாக நின்று பார்த்தார். தன் கையெழுத்து அச்சில் இவ்வளவு பெரிதாக வந்திருப்பதை அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். வீட்டுக்குப் போனதும் மறந்துவிட்டார்.

இதனால் சிக்கல் முற்றியது. இரண்டு கட்சியும் அவர் தங்கள் ஆள் என்று எழுதிக் கொடுத்தன. ஒரே ஆளை இரண்டு பக்கமும் எண்ணினால் மொத்தக் கணக்கு நூறு சதவீதத்துக்கு மேல் போகிறதாம். அழிக்கும் தேதிக்கு இரண்டு நாள் இருக்கும்போது விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்.

விசாரணை அறையில் நீள மேஜை. நடுவில் துணை இயக்குநர், அவருக்கு வலப்பக்கம் எடையில்லாக் கட்சித் தலைவர், இடப்பக்கம் எடைக் கட்சித் தலைவர். தலைவர்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே மைக். ஒருவர் பேசி முடித்ததும் துடைத்து மற்றவருக்குக் கொடுத்தார். ஒரு நர்ஸ் கண்ணாடிக்காரரின் விரலில் நாடி பார்க்கும் கருவியை மாட்டினார். சுவரில் இரண்டாம் பாகத்தின் காட்சிகள் ஓடின. கோட்டை எரிந்தது. அரசி இறந்தாள். சூரியன் உதித்தது.

"எழுபத்திரண்டு," என்றார் நர்ஸ். "அரை மணி நேரமா எழுபத்திரண்டுதான்."

துணை இயக்குநர் பேனாவை மூடி வைத்தார்.

"சார், உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்," என்றார். "பிடிச்சவன் நாலு பேர்கிட்ட சொல்வான். பிடிக்காதவன் நாப்பது பேர்கிட்ட சொல்வான். ரெண்டு பேருமே எங்களுக்குப் பிள்ளைங்க மாதிரி. ஆனா ஆடி முடிச்சுட்டு டிவிய அணைச்சுட்டுத் துணி மடிக்கப் போறவன் இருக்கானே, அவன வெச்சு நாங்க என்ன பண்றது? எல்லாரும் உங்கள மாதிரி ஆயிட்டா இந்த மாடி எதுக்கு? இவங்க ரெண்டு பேரும் எதுக்கு? நான் எதுக்கு? கடைசியில வெறும் விளையாட்டுதான் மிச்சம் இருக்கும்."

இரண்டு தலைவர்களும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள்.

"ஐயா ரெண்டு பேரும் ஆடிப் பார்த்தீங்களா?" என்று கேட்டார் கண்ணாடிக்காரர். அவர் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

எடையில்லாக் கட்சித் தலைவர் மைக்கை வாங்கினார். "ஆடினா உறுதி குறைஞ்சுடும். நான் ஆதரிக்கிறது எதுன்னு தெரியாம இருக்கிற வரைக்கும்தான் முழு மனசோட ஆதரிக்க முடியும்."

எடைக் கட்சித் தலைவர் மைக்கைத் துடைத்தார். "நானும் ஆடல. அதுவே என் எதிர்ப்பு. அதோட மூணாம் பாகம் வந்தா நாங்க ரெண்டு பேரும் பக்கம் மாத்திக்கிறதா முடிவாயிருக்கு. வீணா எதுக்கு ஆடணும்?"

"எங்க கடையில," என்றார் கண்ணாடிக்காரர், "ரெண்டு லென்ஸும் ஒரே மாதிரி இருக்குன்னு சொன்னா, சரியான பவர் கிடைச்சிருச்சுன்னு அர்த்தம். அவங்களப் போகச் சொல்லிடுவோம்."

இதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

"சரி, அந்த ரெண்டு வரிக்கு அர்த்தத்தையாவது சொல்லுங்க," என்றார் துணை இயக்குநர். "எடை இருந்தது, இப்போ இல்லை. அது நல்லதா, கெட்டதா?"

கண்ணாடிக்காரர் விரலில் இருந்த கருவியைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"எங்க மச்சான் எதையும் கீழ போட மாட்டார் சார். வழியில கிடக்கிற எல்லாத்தையும் பொறுக்கிப்பார். ஒடஞ்ச வாள், காலி குப்பி, குதிரை லாடம், யாரோ விட்டுட்டுப் போன ஒத்தச் செருப்பு. எப்பவும் நாப்பத்தெட்டு கிலோ இருக்கும். அதனால அவரோட ஆள் ஓட மாட்டான், நடப்பான். ஒரு ஊர்லேர்ந்து அடுத்த ஊருக்குப் போக முக்கா மணி நேரம் ஆகும். நான் என் ஆளையும் மெதுவாக் கூடவே நடத்திட்டுப் போவேன். அப்போ பேசிட்டே போவோம்."

"என்ன பேசுவீங்க?" என்று கேட்டது நர்ஸ்தான்.

"அவங்க ஆபீஸ்ல யாருக்கு என்ன பட்டப்பேர்னு சொல்வார். ஊசி எங்க குத்தினா வலிக்காதுன்னு சொல்வார். அவர் போனப்புறம் அக்காவ எப்படிப் பார்த்துக்கணும்னு ஒரு நாள் சொன்னார். அவ கோவமா இருந்தா சாப்பிட மாட்டா, நீ முதல்ல சாப்பிட உக்காரு, அவளும் வந்துடுவான்னார். நேருக்கு நேர் உக்காந்திருந்தா இதையெல்லாம் பேசியிருக்க மாட்டோம். ரெண்டு பேரும் டிவியத்தான் பார்த்துட்டிருந்தோம். அவ்வளவுதான் சார். இப்போ எடை இல்ல. எல்லாரும் ஓடுறாங்க. சீக்கிரம் போய்ச் சேர்றாங்க. அதுல தப்பு ஒண்ணும் இல்ல."

நர்ஸ் கருவியைக் குனிந்து பார்த்தார். எழுபத்திரண்டு. அவர் அதைச் சத்தமாகச் சொல்லவில்லை.

துணை இயக்குநர், சாட்சியம் விளையாட்டுக்குச் சம்பந்தம் இல்லாதது என்று எழுதச் சொன்னார். லீவை இரண்டாம் பாகத்துக்கு மாற்ற முடியாது என்று சொல்ல அவர் வாயெடுத்தபோது, பதிவு எழுத்தர் ஒரு கோப்போடு உள்ளே வந்தார்.

"சார், லீவுங்கிற வீரன் இவர் பேர்ல இல்ல. இவரோட மச்சான் பேர்ல இருக்கு. முதல் பாகத்துக்கு அவர் கருத்து எழுதியிருக்கார். நாம அப்பவே ஆதரவுல சேர்த்திருக்கோம்."

"என்ன எழுதியிருக்கார்?"

எழுத்தர் படித்தார். "மெதுவா இருக்கு. எனக்கு அவசரம் இல்ல."

துணை இயக்குநரின் முகம் மலர்ந்தது. "அவர வரச் சொல்லுங்க."

"அவர் இறந்துட்டார் சார்," என்றார் கண்ணாடிக்காரர்.

"எப்போ?"

"நாலு வருஷம் ஆச்சு."

"நாலு வருஷமா நிலைப்பாட்ட மாத்தலையா?"

"இல்லைங்க."

துணை இயக்குநர் நாற்காலியில் சாய்ந்தார். முப்பது வருஷ அனுபவத்தில் இப்படி ஒரு ரசிகரைப் பார்த்ததில்லை என்றார். உயிரோடு இருக்கிறவர்கள் இன்று ஒன்று சொல்வார்கள், நாளை ஒன்று சொல்வார்கள், அவர்களை நம்பித் திட்டம் போட முடியாது, இனி இந்த அலுவலகம் இறந்தவர்கள் பக்கம் அதிக கவனம் செலுத்த வேண்டும் என்றார். எடைக் கட்சித் தலைவர் உடனே எழுந்து, முதல் பாகத்தை ஆதரித்தவர் என்றால் தங்கள் கட்சி என்றார். எடையில்லாக் கட்சித் தலைவர் மைக்கைப் பிடுங்கி, உடம்பைத் துறந்தவருக்கு எடை ஏது என்று கேட்டார். அரை மணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு திங்கள் முதல் புதன் வரை ஒரு கட்சி, வியாழன் முதல் சனி வரை மறு கட்சி, ஞாயிறு விடுமுறை என்று மச்சானைப் பங்கிட்டுக்கொண்டார்கள். அவருக்கு 'நிலைத்த ரசிகர்' பட்டம் வழங்கவும், அவருடைய வீரனை இரண்டாம் பாகத்துக்கு மாற்றவும் உத்தரவு கையெழுத்தானது. கண்ணாடிக்காரருடைய 'வீரன் ஒன்று' பற்றி உத்தரவில் எதுவும் இல்லை. அவரும் கேட்கவில்லை.

வெளியே வரும்போது நர்ஸ் படிக்கட்டில் நின்றிருந்தார். "அக்கா சாப்பிடுறாங்களா?" என்று கேட்டார்.

"சாப்பிடுறாங்க," என்றார் இவர்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் டிவியைப் போட்டார். மச்சான் இருந்தவரை அக்கா இந்த விளையாட்டை எட்டிப் பார்த்ததோடு சரி. அவர் போன பிறகு டிவி இருந்த அறைக்குப் பெருக்கத்தான் வருவாள். அன்றைக்குக் கதவருகில் நின்றாள்.

திரையில் பச்சைப் புல்வெளி. நடுவில் லீவு நின்றுகொண்டிருந்தான். முதுகில் அதே மூட்டை, வாய் கட்டாமல் பிதுங்கிக்கொண்டு.

"இவரா?" என்றாள் அக்கா.

"இவர்தான்."

அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அந்த மூட்டையில என்ன இருக்கு?"

கண்ணாடிக்காரர் திறந்து காட்டினார். அக்கா ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தாள். "ஒத்தச் செருப்பு எதுக்குடா?"

"இன்னொண்ணு எங்கயாவது கிடைக்கும்னு சொல்வார்."

"வீட்டுலயும் அப்படித்தான். மூடி இல்லாத டப்பாவெல்லாம் சேர்த்து வெச்சிருந்தார். இன்னும் பரண்ல இருக்கு." அவள் கையை நீட்டினாள். "எதை அமுக்கணும், குடு."

அவர் கையிலிருந்த கன்ட்ரோலரைக் கொடுத்தார். இரண்டாம் பாகத்தில் எல்லா வீரர்களும் ஓடத்தான் செய்வார்கள், கட்டை விரலால் அதிலுள்ள குச்சியை முழுசாகத் தள்ளினால். அக்காவுக்கு அது தெரியாது. இஸ்திரிப் பெட்டி சூடாகிவிட்டதா என்று தொட்டுப் பார்ப்பதுபோல் குச்சியை லேசாகத் தொட்டாள். லீவு ஓர் அடி எடுத்துவைத்தான். பிறகு இன்னோர் அடி. புல்வெளியில் நடக்க ஆரம்பித்தான்.

"ரொம்ப மெதுவாப் போறாரோ?"

"இல்லக்கா. சரியாத்தான் போறார்."

நடந்துகொண்டே அவள் தொழிற்சாலையில் புதிதாக வந்த மேற்பார்வையாளரைப் பற்றிச் சொன்னாள். மச்சானுடைய சட்டைகளை யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று கேட்டாள். இரண்டு சட்டையைத் தான் வைத்துக்கொள்வதாகவும் சொன்னாள். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை, அவரும் திரும்பவில்லை. நீலச் சட்டையை எனக்குக் கொடு என்றார் அவர். முகத்தைத் துடைத்துக்கொண்டபோது புறங்கை நனைந்திருந்தது.

அப்போது அக்காவின் போன் அடித்தது. ஒரு கையால் குச்சியை விடாமல் மறு கையால் எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டு மடியில் வைத்தாள். ரசிகர் நிலைப்பாட்டு அலுவலகத்திலிருந்து பதிவு எழுத்தர் பேசினார்.

"மேடம், உங்க வீட்டுக்காரருக்குப் பட்டம் குடுக்கிற விழாவுக்கு மேடை ரெண்டு பக்கமாப் போடுறோம். வலது ஆதரவு, இடது எதிர்ப்பு. நீங்க எந்தப் பக்கம் நிக்கிறீங்கன்னு இன்னைக்கே எழுதியாகணும்."

லீவு ஒரு சின்ன மேட்டில் ஏறிக்கொண்டிருந்தான். அக்கா முதலில் அவனை மேலே கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

"நான் எங்கயும் நிக்கலம்மா," என்றாள். "உக்காந்திருக்கேன்."

போனை அணைத்துக் குப்புற வைத்துவிட்டு, அந்தப் பக்கச் சரிவில் எப்படி இறங்குவது என்று தம்பியிடம் கேட்டாள்.